இரண்டு கசெற்றும் ஒரு பெருவிரலும்

நேற்றுக் காலை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து என் பின்னல்களை எல்லாம் இறக்கிக் கட்டிலில் பரப்பினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த மச்சாளின் மகள், "அன்ரி, இது ஒறிஜினல் செம்மறி வூல்" என்று சொல்லி, ஒரு பை நிறைய நூல் உருண்டைகளை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நல்ல சாம்பல் நிறம். மழை இருட்டிக்கொண்டு வரும்போது வெள்ளவத்தைக் கடல் அந்த நிறத்தில்தான் இருக்கும். புதியது ஏற வேண்டுமென்றால் பழையது இறங்கத்தானே வேண்டும்.

இறங்கியவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நீலச் சால்வை, அதன் ஒரு முனை மற்ற முனையைவிட அகலம். ஒஸ்லோவில் இருக்கும் வழுக்கைத் தலை அத்தானுக்குப் பின்னி, "தலையைக் கடிக்குது" என்று திரும்பி வந்த தொப்பி. குழந்தைச் சப்பாத்துகள் சில சோடி. அந்தக் குழந்தைகள் இப்போது கார் ஓடுகிறார்கள். தேநீர்ப் பானைக்கு உறை ஒன்று. எங்கள் வீட்டில் தேநீர்ப் பானை இருந்ததே இல்லை. எல்லாம் முடித்த வேலைகள். முடிக்காதவை வேறொரு பையில் இருக்கின்றன, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

என் கணவர் அறை வாசலில் நின்று பார்த்தார். பனியன் நனைந்திருந்தது.

"இஞ்சாரும், வெளியில நெருப்புக் கொட்டுது. இதையெல்லாம் ஆர் போடப் போறது?"

வருஷம் ஒருமுறையாவது இதைக் கேட்பார். நானும் வருஷம் ஒருமுறை, "உங்களுக்குத்தான் ஒரு வெஸ்ற் பின்னப் போறன், நுவரெலியாவுக்குப் போகேக்க போடலாம்" என்பேன். அவரும் பயந்து போய்விடுவார். உண்மையைச் சொன்னால், எனக்குப் பின்னுவதைவிடத் திட்டம் போடுவதுதான் பிடிக்கும். அந்தச் சாம்பல் நூலை மடியில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் அதை என்னென்னவோ ஆக்கிப் பார்த்தேன். முன்பக்கம் கயிறு முறுக்கிய மாதிரிப் பின்னலோடு ஒரு நீளக்கை சுவெற்றர். இல்லை, பெரிய போர்வை. இல்லை, நூல் தந்தவளுக்கே ஒரு கழுத்துத் துணியும் அதற்குச் சோடியாய்த் தொப்பியும். ஊசியில் முதல் வளையத்தை, கண் என்போம், ஏற்றும்வரை நூல் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஏற்றிய பிறகு ஒன்றுதான் ஆகலாம், என் கையில் என்றால் அதுவும் கோணலாக.

கடைசியில் சுவெற்றர் என்று முடிவு செய்து, நூல் தந்தவளிடமே வட்ஸ்அப்பில் அளவு கேட்டேன். தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது. நெஞ்சு, கை, தோள், மணிக்கட்டு, எல்லாம் அங்குலத்திலும் சென்ரிமீற்றரிலும். கண்ணாடி முன்னால் அளவு நாடாவோடு நிற்கிற படம் வேறு. அவ்வளவுதான். கேட்கவோ கதைக்கவோ இனி ஒன்றுமில்லை. எனக்கு ஏனோ அது மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. சரி என்று எழும்பி, அலுமாரிக்குள் போட்டிருந்த பூச்சிமுட்டை உருண்டைகளின் மணம் போவதற்கு நீலச் சால்வையைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நனைந்த வூலுக்கு ஒரு மணம் உண்டு. தலை துவட்டாத பிள்ளையின் மணம் மாதிரி. அந்த மணம் வந்ததும், தவமக்கா நினைவில் வந்துவிட்டார்.

தவமக்காவைச் சொல்வதற்கு முன் கடையைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து பாமன்கடைப் பக்கம் ஒரு வாடகை அனெக்ஸில் அம்மா அப்பாவோடு இருந்தேன். வேலை, காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷனில். இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லே விளங்காது. வெளிநாட்டுக்குப் போன் கதைக்கிற கடை அது. கண்ணாடி அடித்த சின்னக் கூடுகள், உள்ளே ஒரு போன், ஒரு ஸ்டூல், வியர்வை. வெளியில் ஆட்கள் உட்கார ஒரு நீள வாங்கு. வீட்டில் போன் இல்லாதவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து எங்கள் கடை நம்பருக்கு அழைப்பு வரும். ஒவ்வொருத்திக்கும் கிழமையில் ஒரு நாள், ஒரு நேரம். அந்த நேரத்துக்கு வெகு முன்னமே வந்து வாங்கில் இருந்துவிடுவார்கள். கணவன்மார் கனடாவில், லண்டனில், சுவிஸில். இவர்கள் வெள்ளவத்தை லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் விசாவுக்குக் காத்திருந்தார்கள். சிலர் மாதக் கணக்காக, சிலர் வருஷக் கணக்காக.

என்னோடு வேலை செய்தவள் பிலோமினா. பிலோ என்போம். கொட்டாஞ்சேனைக்காரி, என் வயதுதான், தினமும் பஸ்ஸில் வருவாள். கொன்வென்றில் சிஸ்டர்மாரிடம் பின்னல் பழகியவள். அழைப்பு வராத நேரம் மேசைக்குக் கீழே ஊசி ஓடிக்கொண்டிருக்கும். வாங்கில் இருந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து, ஒருத்தி கேட்க, அடுத்தவளும் கேட்க, கொஞ்ச நாளில் வாங்கு முழுக்கப் பின்னத் தொடங்கிவிட்டது. கொழும்பு வெக்கையில், மின்விசிறி சுற்றியும் சுற்றாமலும் இருக்க, மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு ஒரு வரிசைப் பெண்கள். தெருவால் போகிற சிங்கள ஆட்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நானும் அந்த வாங்கின் ஓரத்தில்தான் பின்னப் பழகினேன்.

நூல் இரத்மலானைப் பக்கத்துக் கார்மென்ட்ஸ் தொழிற்சாலை ஒன்றில் மிஞ்சியது. பிலோவுக்குத் தெரிந்த யாரோ வாங்கி வந்து கொடுப்பார்கள். பெரிய பெரிய கூம்புகளில் சுற்றிய நூல், எல்லாம் மெரூன். வேறு நிறம் கேட்டால் பிலோவுக்குக் கோபம் வரும். "குளிருக்குக் கலர் தெரியுமா? பின்னுங்க" என்பாள். அந்த நாட்களில் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ மெரூன் சுவெற்றரோடு ஒரு தமிழ் ஆள் தெருவில் போனால், அவருடைய மனைவி எங்கள் வாங்கில் இருந்தவள் என்று துணிந்து சொல்லலாம்.

வாங்குக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. விசா வரும்வரை சுவெற்றரின் கழுத்தை மூடக் கூடாது. உடம்பு பின்னலாம், கை பின்னலாம், எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கலாம். கழுத்தைச் சுற்றி நிற்கிற கண்களை மட்டும் ஒரு பழைய நூலில் கோத்து அப்படியே விட வேண்டும். மூடினால் விசா வராது. முன்னர் ஒருத்தி அவசரப்பட்டு மூடிவிட்டாளாம், அந்தக் கிழமையே அவளுடைய ஃபைல் திரும்பி வந்துவிட்டதாம். இப்படிக் கழுத்தில்லாத சுவெற்றர்கள் வெள்ளவத்தை முழுக்க எத்தனை பெட்டிகளுக்குள் கிடந்தனவோ தெரியாது. படித்தவள் என்ற நினைப்பில் நான் சிரிப்பேன். ஆனால் நானும் ஒருநாளும் யாருக்கும் மூடிக் கொடுக்கவில்லை.

தவமக்காவின் முழுப்பெயர் தவமலர். ஞாயிற்றுக்கிழமைக்காரி. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெல்லிய உடம்பு, சிரித்தால் மட்டும் பெரிய சத்தம். கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் கணவர் கனடாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாலைந்து வருஷம். தமையன், இருந்த ஒரே காணியை ஈடு வைத்து அவரைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். விசா கிடைத்தால் கனடா. கிடைக்காவிட்டால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்பதை அவர் யோசிப்பதே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எங்கள் கடையில் ஒரு கூட்டின் கதவு ஒழுங்காக மூடாது. தவமக்காவுக்கு அதுதான் பிடிக்கும், காற்று வரும் என்று. அதனால் அவர் கதைப்பது எல்லாம் வாங்குக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருப்பதுதான் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சுவெற்றருக்காகக் கணவரிடம் அளவு கேட்டார். கணவர் கனடாவில் நாலைந்து பெடியளோடு ஒரு அறையில் இருந்தார், அங்கே அளவு நாடா ஏது. "அப்ப உங்கட சேட் ஒண்டை மேசையில விரிச்சு, சாண் போட்டுப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் தவமக்கா. அவர் சாண் போட்டுச் சொன்னார். இவர் மறக்காமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வெளியில் வந்து, பின்னத் தொடங்கினார். ஒவ்வொரு சாணாக விரலை விரித்து அளந்து அளந்து பின்னினார். கை வேகமான கை. கழுத்து மட்டும் மிச்சம் இருக்க, மற்றதெல்லாம் முடிந்துவிட்டது.

அன்று பிலோ அதை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது யாருக்கு? ஸ்கூல் போற பிள்ளைக்கா?"

"அவருக்குத்தான் பிலோ."

"அவர் அவ்வளவு ஒல்லியா?"

"இல்லையே. சாண் கணக்குப் பிழைக்காமத்தான் பின்னினனான்."

"யாரோட சாண்?"

வாங்கில் ஊசிகள் நின்றன. பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. அவர் தன் கையால் அளந்து சொல்லியிருக்கிறார். இவர் தன் கையால் அளந்து பின்னியிருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லையே என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. தவமக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வலக்கையை விரித்துப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனதை நாங்கள் பிந்தித்தான் கண்டோம்.

"அவற்ற கை பெருசோ சின்னனோ எண்டு எனக்குத் தெரியேல்ல" என்றார்.

பின்னின நூல் வீணாகிறதே என்ற கவலை என்று நினைத்து, "நான் பிரிச்சுத் தாறன் அக்கா" என்று நான் சொன்னேன். பின்னேரம் கடை பூட்டிய பிறகு என்னோடு நடந்து வந்தார். ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக் கல்லில் இருந்தோம். அங்கேதான் அவர் மனம் விட்டுச் சொன்னார்.

"ஒரு மாசம்தானே பிள்ளை அவரோட இருந்தனான். அதிலயும் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்து. முகம் போட்டோவில இருக்கு. குரல் போனில இருக்கு. கை எங்கயும் இல்லையடி. அங்க போய் இறங்கேக்க ஆரோ ஒரு ஆம்பிளை வந்து என்ர பையை வாங்கினா, அது அவற்ற கையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாற்ற கையும் ஒரு மாதிரித்தானே அக்கா" என்றேன் நான். இருபத்திரண்டு வயது, கலியாணம் ஆகாதவள், வேறு எதைச் சொல்வது. அவர் கோபிக்கவில்லை.

"வாற ஞாயிறு அவர் போன் எடுக்கேக்க, நான் வரேல்ல எண்டு சொல்லப் போறன். தெரியாத மனுசனிட்டப் போய் நான் எப்பிடி இருக்கிறது? அண்ணா என்னை வெட்டினாலும் பறவாயில்லை."

அந்தக் கிழமை எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. பிலோவிடம் சொன்னேன். அவள் கொச்சிக்கடைக் கோயிலில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். என்ன கேட்டுக் கொளுத்தினாய், போகச் சொல்லியா நிற்கச் சொல்லியா என்று கேட்டேன். "அத அவர் பாத்துக்குவார்" என்றாள்.

ஞாயிறு வந்தது. போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். "தங்கச்சி, தவமலர் நிக்கிறாவோ?" அந்த மனிதரின் வாயிலிருந்து நான் கேட்டது எல்லாம் இந்த ஒரு வசனம்தான், வருஷக் கணக்காக. தவமக்கா கூட்டுக்குள் போனார். எங்களுக்கு அவர் பக்கம் மட்டும் கேட்டது. வாங்கில் யாரும் பின்னவில்லை.

"உங்கட சாண் எவ்வளவு? … இல்லை, பகிடி இல்லை, சொல்லுங்கோ. … ஸ்கேலும் இல்லையோ? … பேப்பர் சரிவராது, அங்கத்தப் பேப்பர் வேற அளவாம். … என்னது?"

கதவு இடுக்கால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, பாட்டுக் கசெற் ரெண்டு எடுத்துத் தா! ஓடு!"

பக்கத்துக் கடை பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிற கடை. ஓடிப்போய் இரண்டைப் பறித்துக்கொண்டு வந்தேன். கசெற் என்றால் கனடாவிலும் அதே அளவு, வெள்ளவத்தையிலும் அதே அளவு. அந்த மனிதருக்கு அது தோன்றியிருக்கிறது. தவமக்கா இரண்டு கசெற்றையும் போனுக்குக் கீழே இருந்த பலகையில் முனைக்கு முனை வைத்தார்.

"ஓம், வைச்சிட்டன். … ரெண்டு கசெற்றும் ஒரு பெருவிரல் அகலமுமோ? அவ்வளவு பெரிய கையோ?"

தன் கையை அதன்மேல் விரித்தார். இரண்டாவது கசெற்றின் முடிவுக்கே அவருடைய சின்னவிரல் எட்டவில்லை. எட்டாத அந்த இடத்தை மற்றக் கையால் தொட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "என்ர கையோ?" என்றார். "ரெண்டுக்கும் குறைவு." பிறகு போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஓம்… ஓம்" என்று மட்டும் கேட்டது. "நான் வரேல்ல" என்ற அந்தச் சொல்லுக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

வெளியில் வந்து வாங்கில் இருந்தார். எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தோம்.

"எனக்குக் குளிருக்குக் கையுறை வாங்கி வைச்சிருக்கிறாராம். போன வருசமே வாங்கினதாம். இப்ப அளந்து பாத்தா பெருசாம். என்ர கை அவருக்கும் ஞாபகமில்லையாம்."

அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. எங்களுக்கும் வந்தது, ஏன் மறைப்பான். பிறகு பையிலிருந்து அந்தச் சின்ன சுவெற்றரை எடுத்து, நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்துப் பிரிக்கத் தொடங்கினார். நான் உருண்டையாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது சுவெற்றர் கசெற் கணக்கில் வளர்ந்தது. அது முடிந்து சில மாதங்களில் விசா வந்தது. பயணத்துக்கு முதல் நாள் வாங்கில் வைத்துப் பிலோதான் கழுத்தை மூடினாள். சந்தோசத்தில் இறுக்கி மூடிவிட்டாள், தலை போகாது. திரும்பப் பிரித்து மூட வேண்டியதாய்ப் போயிற்று. தவமக்கா கட்டிப்பிடித்து விடைபெற்றபோது வியர்வையில் ஊறிய அவருடைய சேலையிலிருந்து வந்ததும் அந்த நனைந்த வூல் மணம்தான்.

பத்து நாள் கழித்துக் கடைக்கு அழைப்பு வந்தது. எனக்குத்தான். வருஷக் கணக்காக மற்றவர்களுக்கு வந்த அழைப்புகளை எடுத்த எனக்கு, முதல்முறையாக எனக்கென்று ஒன்று.

"எயாப்போட்டில முகத்தைப் பாக்கேல்லையடி. கையைத்தான் பாத்தனான்."

"சொன்ன அளவோ?"

"சொன்ன அளவுதான்."

"சுவெற்றர்?"

"முழங்காலுக்குக் கிட்ட வருது. ஒருக்காத் தோய்ச்சவுடன இழுபட்டிட்டுது. எண்டாலும் கழட்டுறார் இல்லை."

அதற்குப் பிறகு வாங்கு மெல்ல மெல்ல வெறுமையாயிற்று. ஒருத்தி லண்டனுக்கு, ஒருத்தி பாரிசுக்கு. பிலோவும் கலியாணம் செய்து இத்தாலிக்குப் போனாள். எல்லோர் கையிலும் போன் வந்தது. கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். நான் போகவில்லை. எனக்கு ஸ்பொன்சர் பண்ண ஆளும் இல்லை, கேட்டால் போயிருப்பேனோ தெரியாது. போனவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பின்னிப் பின்னி அனுப்பினேன். அங்கே எல்லாவற்றையும் கடையில் வாங்கலாம் என்று தெரிந்தும் அனுப்பினேன்.

தவமக்காவோடு தொடர்பு விட்டுப் போகவில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும். அவசரம் அவசரமாக ஒன்றைக்கூட விடாமல் சொன்ன காலம் போய், எவ்வளவும் கதைக்கலாம் என்று ஆனபிறகு, அவர் தினமும் காலையில் எனக்கு ஒரு ரோசாப்பூப் படம் அனுப்புவார். நான் திருப்பி ஒரு தாமரை அனுப்புவேன். போன வருஷம் கொஞ்ச நாள் ரோசாப்பூ வரவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. பிறகு வேறு யாரோ அனுப்பிய கண்ணீர் அஞ்சலிப் படம் ஒன்றில், மனைவி என்ற இடத்தில் தவமக்காவின் பெயரைக் கண்டேன். மேலே கண்ணாடி போட்ட, தலை நரைத்த ஒருவர். நான் நேரில் ஒருநாளும் காணாத மனிதர். அவருடைய நெஞ்சளவும் கைநீளமும் எனக்கு இன்றைக்கும் பாடம், முகத்தை அந்தப் படத்தில்தான் முதல்முறை கண்டேன். செத்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

உடனே தவமக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ஏனக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"பிள்ளையள்தான் அந்தப் படத்தைப் போட்டவை. எல்லாரும் பாத்திருப்பினம் எண்டு நினைச்சிட்டன்."

அவருடைய வீட்டில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவராகவே சொன்னார்.

"ஆசுப்பத்திரியில நல்லா மெலிஞ்சு போனாரடி. அந்தப் பெரிய கை என்ர கைக்குள்ள அடங்கிற அளவுக்கு வந்திட்டுது. முதல் பின்னிப் பிரிச்சனே ஒண்டு, கடைசியில அது அவருக்கு அளவாயிருந்திருக்கும்."

அந்த நாட்களில் என்றால், இதைக் கேட்டதும் வாங்கில் இருந்த அத்தனை பெண்களும் மடியில் கிடந்ததைப் போட்டுவிட்டு எழும்பியிருப்பார்கள். ஒருத்தி தோளைப் பிடித்திருப்பாள், ஒருத்தி தண்ணீர் எடுக்க ஓடியிருப்பாள், பிலோ அந்தோனியாரைக் கூப்பிட்டிருப்பாள். இப்போது தவமக்கா அங்கே தன் சமையலறையில் தனியாக நின்று சொன்னார். இங்கே நான் ஒருத்திதான் கேட்டேன்.